அம்பாசிடர் மார்க் 3: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் முறிந்துவிட்டது, ஹெட்டை இறக்காமல் எடுக்க வழி உண்டா?

வெண்ணாற்றங்கரை | நீடாமங்கலம்

வணக்கம். வீட்டில் 1976 மார்க் 3 அம்பாசிடர் நிற்கிறது. பெட்ரோல், அந்தப் பழைய 1489 சிசி இன்ஜின். அப்பா காலத்து வண்டி. கல்யாணம், கோயில் என்று கும்பகோணம், மன்னார்குடி வரைக்கும் இப்போதும் போய்வருகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் இடதுபக்கம் 'சட் சட்' என்று அடிக்கிறது. சூடேறினால் பாதியாகக் குறைகிறது. வால்வை இயக்கும் டாப்பெட் என்று நினைத்து இடைவெளி பார்த்து வைத்தோம், சத்தம் அப்படியேதான் இருக்கிறது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஹெட்டில் புகை வெளியேறும் நடு போர்ட்டைச் சுற்றிக் கரி. அங்கே மேனிஃபோல்டை, அதாவது புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் குழாயை, ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட் (இரு முனையிலும் மரை உள்ள கம்பி) ஒன்று முறிந்து, ஒரு நெல்மணி நீளம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து நட்டோ மூலையெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிட்டது. எந்த ஸ்பானரும் பிடிக்கவில்லை.

ஒரு மெக்கானிக் "ஹெட்டை இறக்கித் திருச்சிக்கு அனுப்பணும்" என்கிறார். இன்னொருவர் "சத்தம்தானே, ஓட்டுங்க சார்" என்கிறார். ஹெட்டை இறக்காமல் முடியுமா? கூட நின்று செய்யத் தயார். வெல்டிங் மட்டும் தெரியாது.

டீசல் அம்பி | மயிலாடுதுறை

"ஓட்டுங்க சார்" என்றவர் உங்கள் வண்டியில் உட்கார்ந்து வரப்போவதில்லை. மேனிஃபோல்டில் கசியும் புகை பானெட்டுக்குள் சுற்றி, ஹீட்டர் துவாரம், பெடல் ஓட்டை எல்லாவற்றின் வழியாகவும் உள்ளே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு மழையில் ஓட்டினால் தலைவலியில் ஆரம்பிக்கும். அது ஒன்று. இன்னொன்று, இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். கசிகிற நெருப்புக் காற்று நேரே மேலே போய் கார்புரேட்டரைச் சுடும். சித்திரை வெயிலில் வண்டி நின்று நின்று போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சூடானால் சத்தம் குறைகிறது என்றீர்களே, அது கசிவின் அடையாளம்தான். இரும்பு விரிந்து இடைவெளியை அடைக்கிறது. உறுதி செய்ய, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஒருவர் ஈரத்துணியை மடித்து சைலன்சர் வாயில் சில நொடி அழுத்தட்டும். கசியும் இடத்தில் 'புஸ்' என்று தெளிவாகக் கேட்கும்.

கடைசல்காரன் | கும்பகோணம்

முடியும். ஆனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: அந்த நட்டை எந்த ஸ்பானர் போட்டுக் கழற்றப் பார்த்தார்கள்?

வெண்ணாற்றங்கரை | நீடாமங்கலம்

13 போட்டார்கள். கொஞ்சம் ஆடுகிறது என்று சொல்லி, இடையில் பிளேடு சொருகித் திருகினார்கள்.

கடைசல்காரன் | கும்பகோணம்

அங்கேதான் நட்டு மழுங்கியது. உங்கள் இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவம், முழுக்க அங்குலக் கணக்கு. மேனிஃபோல்டு ஸ்டட் 5/16 அங்குலம், நம் ஊர்ப் பேச்சில் ரெண்டரை நூல். அதன் நட்டுக்கு 1/2 அங்குல ஸ்பானர், அதாவது 12.7 மி.மீ. 13 போட்டால் 0.3 மி.மீ. ஆடும். துருப்பிடித்து இறுகிய நட்டில் அந்த ஆட்டமே மூலையைத் தின்றுவிடும். ஆறு மூலை முழுக்கப் பிடிக்கும் அரை அங்குல பாக்ஸ் ஸ்பானர் வேண்டும், பன்னிரண்டு மூலை ரிங் வேண்டாம்.

இதைவிடப் பெரிய தொல்லை மரையில் இருக்கிறது. 5/16 என்றால் 7.94 மி.மீ. மெட்ரிக் எம்8 போல்ட் 8 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். மரைதான் வேறு. எம்8க்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. அங்குல மரையில் இரண்டு ரகம். 5/16 யூ.என்.சி., அகல மரை, அங்குலத்துக்கு 18, அதாவது 1.41 மி.மீ. யூ.என்.எஃப்., நெருக்க மரை, 24, 1.06 மி.மீ. ஒரு ஸ்டட்டிலேயே ஹெட்டுக்குள் போகும் பக்கம் 18, நட்டு பக்கம் 24 என்று இரண்டும் வரும். எம்8ஐத் திணித்தால் இரண்டு மூன்று சுற்று ஏறும், அப்புறம் இறுகும். "டைட்டா இருக்கு, நல்லது" என்று மெக்கானிக் ஒரு அழுத்து அழுத்துவார். ஹெட்டின் மரை அதோடு போச்சு.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் "ரெண்டரை நூல்" என்று கேட்டால் பழைய பிரிட்டிஷ் மரையான விட்வொர்த் போல்ட் எடுத்துக் கொடுப்பார்கள். அதுவும் அங்குலத்துக்கு 18 மரைதான், அதனால் ஏறிவிடும். ஆனால் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, யூ.என்.சி.க்கு 60. ஓரத்தில் மட்டும் பிடிக்கும், பக்கம் முழுக்க உட்காராது. இரும்பும் வேலிக்குப் போடுகிற மிருதுவான ரகம்.

அதனால் முதல் செலவு ஒரு மரை கேஜ். மெட்ரிக், அங்குலம் இரண்டும் இருக்கிற செட்டாக வாங்குங்கள். எடுத்த ஸ்டட் ஒவ்வொன்றையும் அதில் வைத்துப் பாருங்கள். எவர் வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம், என்னுடையதையும் சேர்த்து.

தென்னந்தோப்பு | பட்டுக்கோட்டை

இவ்வளவு எதுக்குங்க. இருக்கிற நுனியில் வைஸ் கிரிப் (பூட்டிப் பிடிக்கும் குறடு) போட்டு ஒரே இழுப்பு. ஆயில் இன்ஜினில் அப்படித்தான் எடுக்கிறோம்.

கடைசல்காரன் | கும்பகோணம்

ஆயில் இன்ஜினில் ஸ்டட் தடிமன், துருவும் குறைவு. இங்கே அந்த ஒரே இழுப்பில் நெல்மணியும் போய் ஹெட்டோடு மட்டமாகிவிடும். பதறாத காரியம் சிதறாது அண்ணே.

பொன்மலை ரிட்டயர்டு | திருச்சி

ரயில்வே பட்டறையில் இருந்தவன் என்பதால் இரண்டு வார்த்தை. இறுகிய மரையை விடுவிக்க மூன்று விஷயம்: ஊறல், சூடு, அதிர்வு. மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். பலத்துக்கு இடம் கடைசியில்தான்.

ஊறலுக்கு டபிள்யூ.டி.40 அடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அதிகம். அந்தப் பெயரில் இருக்கும் இரண்டு எழுத்தே தண்ணீரை விலக்குவது என்பதைத்தான் சொல்கிறது. துருவுக்குள் இறங்கவென்றே விற்கும் எண்ணெய் வேறு. அது கிடைக்காவிட்டால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து, மருந்து டிராப்பரில் ஸ்டட்டின் அடியில் சொட்டுச் சொட்டாக விடலாம். சீக்கிரம் பிரியும், அதனால் விடுகிறபோதெல்லாம் குலுக்கிக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெயும் இறங்கும், மெதுவாக. இந்தக் கலவை எல்லாமே எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு. சூடு காட்டுகிற அன்றைக்கு எதையும் ஊற்றாதீர்கள்.

அதிர்வு என்றால், நுனியில் ஒரு பித்தளைத் துண்டை வைத்துச் சின்னச் சுத்தியலால் நேராக, லேசாகப் பல தட்டு. ஸ்டட் வளையக் கூடாது. துருவின் பிடி உள்ளே நொறுங்கும்.

சூடுதான் ராஜா. ஸ்டட்டைச் சுற்றியிருக்கும் ஹெட்டைச் சூடாக்குங்கள், ஸ்டட்டை அல்ல. பிறகு ஒரு மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் அடியில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் தானாக இழுபடும். ஊர்க்கோயில் வாசலில் விற்கும் மெழுகுவர்த்தியே போதும்.

ஆனால் இதைச் செய்யும்முன் ஏர் கிளீனர், கார்புரேட்டர், மேனிஃபோல்டு மூன்றும் வெளியே வரவேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயை அடையுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல். சின்ன வேலை என்று இதை விட்டவர்களின் வண்டி எரிந்து பார்த்திருக்கிறேன்.

உப்புக்காற்று | நாகப்பட்டினம்

கடலோரத்துக்காரன் சொல்கிறேன், இங்கே சூடு இல்லாமல் எதுவும் நகராது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகள் பலவற்றை நான் கை வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீர் புகுந்த ஸ்டட்டின் இடுப்பு பென்சில் முனைபோல் மெலிந்திருக்கும். மரை நன்றாகத் தெரிந்தாலும் நட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் பிடிப்பே இருக்காது. அப்படி மெலிந்ததை டபுள் நட்டு போட்டு எடுக்கப் பார்த்தால் கையோடு வந்துவிடும்.

அதனால் முறிந்தது ஒன்று என்றாலும் மாற்றும்போது எல்லாவற்றையும் மாற்றுங்கள். நடு போர்ட்டில் 2, 3 இரண்டு சிலிண்டரின் புகையும் ஒன்றாக வெளியேறுகிறது, அங்கேதான் சூடு அதிகம். ஓரத்து ஸ்டட் நன்றாக இருக்கிறதே என்று விட்டால் அடுத்த வருடம் அது.

பத்மினி 78 | தஞ்சாவூர்

என்னுடையது ஃபியட். இரண்டு வார்த்தை குறுக்கே, ஏனென்றால் இதைப் படிக்கிற ஃபியட்காரர்களும் இருப்பார்கள். பிரீமியர் பத்மினியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், மரை மெட்ரிக். அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் குறைந்த சூட்டிலேயே ஸ்டட் விட்டுக்கொடுக்கும். கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்தால் மட்டும் ஆபத்து. அலுமினியம் சிவந்து எச்சரிக்கை கொடுக்காது, நேரே தொய்ந்துவிடும். நான் ஹாட் ஏர் கன்னோடு நிறுத்திக்கொள்வேன்.

வெண்ணாற்றங்கரை | நீடாமங்கலம்

எல்லோருக்கும் நன்றி. கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் கழற்றியாயிற்று. மழுங்கிய நட்டை உளியால் பிளந்து எடுத்தோம், அந்த ஸ்டட் முழுசாக நிற்கிறது. முறிந்த ஸ்டட் இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது, ஊற வைத்திருக்கிறேன். வெல்டிங் ஆள் கிடைத்தார், டிராக்டர் பட்டறைக்காரர். அவரிடம் என்ன சொல்லிச் செய்ய வைப்பது?

கடைசல்காரன் | கும்பகோணம்

மேனிஃபோல்டு வெளியே வந்ததே பாதி வேலை. அம்பாசிடரில் பானெட்டுக்குள் கை நுழைய இடம் தாராளம், அதுவும் நமக்கு வசதி.

முழுசாக நிற்கும் ஸ்டட்டுக்கு டபுள் நட்டு. இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டைத் திருப்புங்கள்.

முறிந்ததற்கு நட்டு வைத்து வெல்டிங். ஸ்டட் நுனியைப் பளபளவென்று தேய்க்கச் சொல்லுங்கள், எண்ணெயும் துருவும் இருந்தால் பிடிக்காது. ஸ்டட்டைச் சுற்றி ஒரு வாஷர், அதன்மேல் ஒரு அளவு பெரிய நட்டு, 3/8 அங்குலம். நட்டின் ஓட்டைக்குள் ஸ்டட் நுனியில் ஆரம்பித்து மேல்நோக்கி நிரப்ப வேண்டும். மிக் வெல்டிங் இருந்தால் சுலபம். ஆர்க் என்றால் 2.5 மி.மீ. ராடு போதும். ஹெட்டில் ஒட்டிவிடுமோ என்று பலர் பயப்படுவார்கள். வாஷர் அதற்குத்தான்.

எர்த் கிளாம்பை அந்த ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் மாட்டட்டும். டைனமோ ஒயரும் பேட்டரியும் கழன்றிருக்க வேண்டும்.

வெல்டிங் முடிந்ததும் எல்லோரும் சிவப்பாக இருக்கும்போதே திருப்புவார்கள். அப்போது ஸ்டட் களிமண் மாதிரி, முறுக்கிக்கொண்டு போய்விடும். சிவப்பு போய், கருத்து, எச்சில் தொட்டால் 'சுர்' என்று சொல்கிற பதத்தில் ஸ்பானரைப் போடுங்கள். முதலில் இறுக்குகிற திசையில் ஒரு மயிரளவு. பிறகு கழற்றுகிற திசையில். மறுபடி இறுக்கம். அப்படியே ஆட்டி ஆட்டி வரும்போது 'கீச்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் ஸ்டட் உங்களுடையது. கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி கால் சுற்று. நட்டு பிய்ந்து வந்தால் இன்னொரு நட்டு. ஒவ்வொரு முறையும் ஸ்டட் சூடாகி ஆறுவதே பிடியை உடைக்கும்.

தென்னந்தோப்பு | பட்டுக்கோட்டை

இது எங்கள் பட்டறையிலும் செய்வதுதான். வாஷர் வைப்பது மட்டும் புதுசு. சரி, எடுத்துக்கொள்கிறேன்.

உப்புக்காற்று | நாகப்பட்டினம்

மட்டமாக முறிந்திருந்தால்? படிக்கிறவர்களுக்காகக் கேட்கிறேன்.

பொன்மலை ரிட்டயர்டு | திருச்சி

அப்போது டிரில். நடுமையம் தப்பினால் அரை மணி நேரத்தில் ஹெட்டைக் கெடுத்துவிடலாம் என்பதால் கையால் மையம் பார்க்க வேண்டாம். பக்கத்து நல்ல ஸ்டட்டுகளில் மாட்டும்படி 10 மி.மீ. பட்டையில் ஒரு ஜிக் (டிரில்லுக்கு வழிகாட்டும் சட்டம்) செய்து, முறிந்த இடத்துக்கு நேரே ஒரு கடைசல் புஷ் சொருகினால் 3 மி.மீ. டிரில் அதற்குள் நேராக இறங்கும். கிடைத்தால் இடதுகைச் சுற்று டிரில் பிட் வாங்குங்கள். பல நேரம் துளை போடும்போதே சூட்டில் ஸ்டட் கழன்று வெளியே வந்து நிற்கும்.

ஈசி அவுட் என்று, துளைக்குள் சொருகித் திருகி ஸ்டட்டை எடுக்கும் ஒரு சாமான் எல்லாச் செட்டிலும் கொடுக்கிறார்கள். துருவில் இறுகிய ஸ்டட்டுக்கு அதைத் தொடாதீர்கள். அது கடினமான எஃகு, துளைக்குள் முறிந்தால் சாதாரண டிரில் ஏறாது. அப்புறம் மின்பொறியால் இரும்பை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மிஷின் தேடித் திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ ஹெட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

ஹெட் வார்ப்பிரும்பு. அதில் இருக்கும் கிராஃபைட்டே வழவழப்புக் கொடுக்கும், ஹெட்டின் இரும்பில் துளை போட எண்ணெய் தேவையில்லை. போர்ட் வாயில் துணி திணித்து, அந்தத் துணி இருப்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டுங்கள்.

வெண்ணாற்றங்கரை | நீடாமங்கலம்

வந்துவிட்டது! 'கீச்' சத்தமும் வந்தது, பட்டறைக்காரருக்கே சிரிப்பு. மற்றவை டபுள் நட்டில் வந்துவிட்டன. எல்லாவற்றையும் கேஜில் வைத்தேன். ஹெட் பக்கம் 18, நட்டு பக்கம் 24, அண்ணன் சொன்னதேதான். ஆனால் கடைசி சிலிண்டர் பக்கம் ஒன்று 1.25ல் உட்காருகிறது. எம்8! துளையைப் பார்த்தால் முதல் சில மரை மசிந்து கிடக்கிறது. யாரோ முன்பு செய்த புண்ணியம். இதற்கு என்ன வழி?

கடைசல்காரன் | கும்பகோணம்

இரண்டு வழி. ஒன்று ஹெலிகாயில், கெட்ட மரைக்குப் பதில் கம்பிச் சுருள் வைப்பது: 8.3 மி.மீ. டிரில், அந்தக் கிட்டில் வரும் டேப் (மரை வெட்டும் கருவி), பிறகு சுருள். 5/16 யூ.என்.சி. கிட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் எம்8 கிட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது, நான் விரும்புவது, ஸ்டெப் ஸ்டட். ஹெட் பக்கம் 3/8 அங்குலம் 16 மரை, நட்டு பக்கம் பழைய 5/16. ஹெட்டில் 8 மி.மீ. டிரில் போட்டு 3/8 டேப். சுருள் எதுவும் இல்லை, முழு உலோகம். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஸ்டட்டைச் சுற்றி உலோகம் போதுமா என்று முதலில் பாருங்கள். குறைவாக இருந்தால் ஹெலிகாயில்தான்.

எதுவானாலும் பழைய துளையின் ஆழத்துக்கு மேல் ஒரு நூல்கூடப் போகாதீர்கள். டிரில் பிட்டில் ஒட்டுநாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற இடம். ரேடியேட்டர் தண்ணீரை முன்னாலேயே இறக்கிவிடுவது நல்லது. டேப் மூன்றும் வரிசையாகப் போட வேண்டும், முதல் டேப்போடு நிறுத்தினால் அடிமரை வெட்டுப்படாது.

மரை நன்றாக இருக்கும் துளைகளில் புது டேப் விடாதீர்கள், இருக்கிற இரும்பையும் சுரண்டும். எடுத்த பழைய ஸ்டட் ஒன்றில் நீளவாக்கில் ஹாக்சாவால் இரண்டு வெட்டுப் போட்டு அதையே உள்ளே விட்டு எடுங்கள். கரியும் துருவும் வெட்டில் தங்கி வெளியே வரும்.

வெண்ணாற்றங்கரை | நீடாமங்கலம்

ஸ்டெப் ஸ்டட் என்றால் உங்களிடமே வருகிறேன். மற்ற ஸ்டட்டும் கடையில் வாங்குவதா, கடைந்து வாங்குவதா? ஸ்டெயின்லெஸில் போட்டால் இனி துருவே பிடிக்காதே?

உப்புக்காற்று | நாகப்பட்டினம்

நானும் எஸ்.எஸ். கட்சி. உப்புக்காற்றுக்கு வேறு எது தாங்கும்?

கடைசல்காரன் | கும்பகோணம்

எஸ்.எஸ். வேலை எனக்குக் கூலி கூடக் கிடைக்கும், இருந்தாலும் வேண்டாம் என்பேன். 304 ரகம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும். மேனிஃபோல்டு சூடேறும்போதெல்லாம் ஸ்டட் நீண்டு பிடி தளரும். அதைவிட மோசம், எஸ்.எஸ். ஸ்டட்டில் எஸ்.எஸ். நட்டு போட்டால் மரையும் மரையும் கடித்துக்கொண்டு ஒட்டிவிடும். கழற்றுகிற அன்றைக்கு அறுக்கத்தான் வேண்டும்.

ஈ.என்.8 எஃகுக் கம்பியில் கடைந்தால் போதும், அல்லது 8.8 தரத்துக்கு ஈடான பலத்தில், ஹெட் பக்கம் யூ.என்.சி., நட்டு பக்கம் யூ.என்.எஃப். உள்ள ஸ்டட்டாகவே சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் தேடலாம். 12.9 மாதிரி மிகக் கடினமானது வேண்டாம். நாளைக்கு முறிந்தால் டிரில் ஏற வேண்டுமல்லவா.

பொன்மலை ரிட்டயர்டு | திருச்சி

ஒரு திருத்தம். கடைந்த மரையைவிட உருட்டி அழுத்திய மரை பலம் கூடியது. ரெடிமேட் கிடைத்தால் அதையே போடுங்கள். ஸ்டெப் ஸ்டட் மட்டும் லேத்தில்.

கடைசல்காரன் | கும்பகோணம்

ஐயா சொன்னது சரி. என் வியாபாரத்தில் மண், ஆனாலும் சரி.

நட்டுக்குப் பித்தளை போடுங்கள், கொஞ்சம் உயரமாக. எஃகு ஸ்டட்டோடு பித்தளை துருவால் ஒட்டாது, எத்தனை வருடம் கழித்தும் கழலும். ஆறுகோணப் பித்தளைக் கம்பியிலிருந்து கடைந்து தருகிறேன். கும்பகோணத்தில் பாத்திரம், பக்கத்தில் நாச்சியார்கோவிலில் விளக்கு என்று பித்தளைக்குப் பஞ்சமில்லையே, வார்ப்புத் துண்டில் செய்யலாமா என்று கேட்டு வருகிறார்கள். வார்ப்பில் உள்ளே காற்றுக்குழி இருக்கலாம். குத்துவிளக்குக்குப் பாதகமில்லை, நட்டுக்கு ஆகாது.

உப்புக்காற்று | நாகப்பட்டினம்

சரி, எஃகு ஸ்டட், பித்தளை நட்டு. மரையில் காப்பர் கிரீஸ் தடவிக்கொள்வேன். எஸ்.எஸ்.ஐ சைலன்சர் குழாய்க்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

டீசல் அம்பி | மயிலாடுதுறை

மாட்டும் முன் ஒன்று, இதை யாரும் சொல்லவில்லை. இந்த இன்ஜினில் இன்லெட் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் இருக்கும் ஸ்டட்டின் ஒரே தடித்த வாஷர் இரண்டின் ஃபிளாஞ்சையும் (ஹெட்டில் உட்காரும் தட்டை விளிம்பு) சேர்த்து அழுத்துகிறது. எக்ஸாஸ்ட் மட்டும் வளைந்திருக்கிறது என்று அதைத் தனியாக மில்லிங் போட்டு அரை மி.மீ. குறைத்தால் வாஷர் இன்லெட் மேல் உட்கார்ந்து, எக்ஸாஸ்ட் தொங்கிக்கொண்டிருக்கும். இடையில் வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் கசியும். டாக்சி ஸ்டாண்டில் இப்படி ஒரு வண்டி பல கேஸ்கெட்டைத் தின்றது.

இரண்டின் ஃபிளாஞ்சு தடிமனையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். தேய்ப்பதானால் இரண்டையும் ஒன்றாகப் போல்ட் போட்டுப் பிடித்து ஒரே தளத்தில் தேய்க்க வேண்டும். சாதாரண மெல்லிய வாஷர் போட்டாலும் இதே கதிதான், அது கிண்ணம்போல் வளைந்துவிடும்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள். அந்தக் காலத்துச் சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது. காற்றுக் குழாய் அடித்து ஊதவே கூடாது.

வெண்ணாற்றங்கரை | நீடாமங்கலம்

அளந்தேன். தடிமன் சரியாக இருக்கிறது. ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடு விட்டால் எக்ஸாஸ்ட்டில் 0.1 மி.மீ. நுழைகிறது, 0.15 நுழையவில்லை. தேய்க்க வேண்டுமா?

டீசல் அம்பி | மயிலாடுதுறை

புதுக் கேஸ்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும். விடுங்கள்.

கடைசல்காரன் | கும்பகோணம்

மாட்டும் முறை. ஸ்டட்டை ஹெட்டுக்குள் விரலால் அடிவரை ஏற்றி, டபுள் நட்டால் லேசாக ஒரு அணைப்பு, அவ்வளவுதான். அடியில் முட்டவைத்து முறுக்கினால் ஸ்டட் பிறக்கும்போதே பாதி உயிர். கேஸ்கெட்டில் பசை எதுவும் வேண்டாம். நட்டெல்லாம் விரலால் சமமாக ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக. முடிவு இறுக்கம் 15 பவுண்டு-அடி, அதாவது 20 நியூட்டன் மீட்டர். இவ்வளவுதானா என்று கை துடிக்கும். இவ்வளவுதான். மரையில் கிரீஸ் இருந்தால் அதே அளவில் இறுக்கம் இன்னும் கூடுதலாக விழும், ஆகவே அதற்கு மேல் போகாதீர்கள்.

வண்டியை நன்றாகச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, குளிர்ந்தபின் மறுபடி ஒரு சுற்று. சூட்டில் தொடக்கூடாது.

உப்புக்காற்று | நாகப்பட்டினம்

கீழேயும் குனிந்து பாருங்கள். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர், பிராக்கெட் எல்லாம் இருக்கிறதா? அவை அறுந்தால் குழாயின் எடை முழுக்க மேனிஃபோல்டில் தொங்கும். இன்ஜின் மவுண்ட் உட்கார்ந்திருந்தாலும் அதே கதை, ஆக்சிலேட்டர் மிதிக்கிறபோதெல்லாம் ஸ்டட் வளைந்து நிமிரும். முதல் ஸ்டட் முறிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வெண்ணாற்றங்கரை | நீடாமங்கலம்

பின் ரப்பர் இல்லவே இல்லை. அதற்குப் பதில் கட்டுக்கம்பி! மாற்றிவிட்டேன். மவுண்ட் பரவாயில்லை.

ஸ்டெப் ஸ்டட் உட்கார்ந்துவிட்டது, சுற்றிலும் உலோகம் நன்றாகவே இருந்தது. எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். புதுக் கேஸ்கெட் கொஞ்சம் புகைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. குளிர்ந்த இன்ஜினில் 'சட் சட்' இல்லை. இப்போது டாப்பெட் சத்தம் தனியாகக் கேட்கிறது, அது வேறு கதை. ஆறியபின் நடு நட்டு இரண்டும் கொஞ்சம் நகர்ந்தன, மற்றவை அசையவில்லை.

டீசல் அம்பி | மயிலாடுதுறை

நடுவில் நகர்வது இயல்பு. அடுத்த ஆயில் சர்வீஸில் ஒருமுறை பாருங்கள். நகராவிட்டால் அதோடு மறந்துவிடலாம். டாப்பெட்டுக்குத் தனி இழை போடுங்கள்.

பத்மினி 78 | தஞ்சாவூர்

கடைசல் அண்ணே, ஃபியட்டுக்கு எம்8 பித்தளை நட்டு ஒரு செட் கடைந்து தருவீர்களா? உயரம் எவ்வளவு வைப்பது?

கடைசல்காரன் | கும்பகோணம்

தருகிறேன். எம்8க்கு 12 மி.மீ. உயரம் வைத்தால் போதும், 13 ஸ்பானர் நுழையும்படி. ஆனால் மாதிரிக்கு ஒரு பழைய ஸ்டட்டை எடுத்து வாருங்கள், மரையைக் கேஜில் பார்த்துவிட்டுத்தான் லேத்தைத் திருப்புவேன்.